கம்பி வழியே வந்த குட்டி கேம்கள்



பழைய காசு, பழைய கட்டடம் என்று எழுதிக்கொண்டிருந்த இந்த ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் இந்த முறை வீடியோ கேம் பற்றி எழுத வந்திருப்பதைப் பார்த்து, "பெரியவருக்கு என்ன ஆயிற்று?" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் என் பேரன்தான்.

பிரான்ஸில் இருக்கும் என் மகள் கோடை விடுமுறைக்கு அவனை அழைத்து வந்திருந்தாள். அவனுக்கு 11 வயது. தமிழ் பேசினால் புரிந்துகொள்வான், படிக்க வராது. நம் ஊருக்கு இது புதிய கதையல்ல. பிரான்ஸில் உறவு இல்லாத தெருவைக் காரைக்காலில் தேடத்தான் வேண்டும். அவன் தன்னோடு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியைக் கொண்டு வந்து ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்துக்கொண்டான். ஒருநாள் மாலை பேப்பர் படித்தபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். திரையில் துப்பாக்கி இல்லை, கார் பந்தயம் இல்லை. ஒரு அம்மா இட்லி அவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று பேரனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை தவறாகப் போயிற்று. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "ஒரு தட்டுக் குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வரக்கூடாதுடா கண்ணு. மாத்தி அடுக்கு. ஆவி போக வழி விடணும்ல?" என்றாள். மாற்றி அடுக்கினான். இட்லி வெந்தது.

"பாட்டி, இந்த கேம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாப்பது வருஷமா ஆடிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

அந்த கேமின் பெயர் 'வெண்பா'. அது எங்கிருந்து வந்தது, யார் செய்தார்கள் என்று விசாரிக்கப் போனதில் எனக்கு ஒரு வரலாறு கிடைத்தது. கடையில் பெட்டி வாங்காமல், இணையக் கம்பி வழியே வீட்டுக் கருவிக்குள் இறக்கிக்கொள்ளும் சின்னச் சின்ன கேம்களின் வரலாறு அது. நம் பொதுக்குழுக் கூட்டத்தில் "பிள்ளைகள் எந்நேரமும் கேம்தான்" என்று பெற்றோர் வருத்தப்பட்டது நினைவிருக்கும். எல்லா கேமும் ஒன்றல்ல என்பதை நானே இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கேசட் காலம்

1990-களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு டிவி கேம் மறந்திருக்காது. மஞ்சள் நிறக் கேசட், அதன் மேல் "9999 கேம்" என்று அச்சடித்த ஒட்டுத்தாள். உள்ளே போனால் பத்து, இருபது கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவோம். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள்தான் நம் ஊர் வரை வந்தவற்றில் பெரும்பாலானவை. வங்கிப் பயிற்சிக்காகச் சென்னை போனபோது பர்மா பஜாரில் பேரம் பேசி நான் ஒன்று வாங்கி வந்தேன். அதில் விளையாடிய மகள்தான் இன்று பேரனுக்கு அம்மா.

அந்தக் கேசட் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. பேரனுக்குக் காட்டலாம் என்று இறக்கி, பழைய டிவியில் மாட்டினேன். ஓடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தக் கேசட்டுக்கு நான் திரும்பி வருவேன்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அடக்க விலை. ஒரு கேசட்டுக்குச் சில்லு வேண்டும், பிளாஸ்டிக் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும். கப்பல் கூலி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. கேம் 1 மணி நேரம் ஓடினாலும் 40 மணி நேரம் ஓடினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சின்ன கேம் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. பெட்டியை ஒழித்தால்தான் சின்ன கேமுக்கு வாழ்வு.

தொலைபேசியில் ஒரு முயற்சி

பெட்டியை ஒழிக்கும் முயற்சி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1983-இலேயே அமெரிக்காவில் கேம்லைன் என்ற சேவை வந்துவிட்டது. அடாரி 2600 என்ற கருவியில் ஒரு பெட்டியைச் செருகி, அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தால், கேம் அந்தக் கம்பி வழியே வந்து இறங்கும். சுமார் ஒரு டாலர் கட்டணத்தில் சில தடவை ஆடலாம். பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும். அந்த 1983-இல் நம் ஊரில் தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம், வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேம்லைன் நிலைக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது, நிறுவனமும் தள்ளாடியது. அதன் மிச்சத்திலிருந்து எழுந்த நிறுவனம்தான் பிற்காலத்தில் அமெரிக்கா ஆன்லைன் என்று உலகறிய வளர்ந்தது. பிறகு 1994-இல் செகா நிறுவனம் கேபிள் டிவி வழியாகவும், 1995-இல் நின்டெண்டோ ஜப்பானில் செயற்கைக்கோள் வழியாகவும் கேம்களை அனுப்பிப் பார்த்தன. செகாவின் சேவையில் கருவியை அணைத்தால் இறக்கிய கேமும் போய்விடும். இரண்டும் சில ஆண்டுகளில் நின்றுபோயின.

50 மெகாபைட் வரம்பு

உண்மையான திருப்பம் 2005 நவம்பரில் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியை வெளியிட்டபோது, அதற்குள்ளேயே எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட் என்ற கடையையும் வைத்தது. ஓராண்டுக்கு முன்பே பழைய எக்ஸ்பாக்ஸில் சோதித்துப் பார்த்த கடைதான் இது. புதிய கருவியின் மலிவு விலை மாடலில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சேமித்து வைக்க 64 மெகாபைட் அட்டை ஒன்றுதான். அதற்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, கடையில் விற்கும் எந்த கேமும் 50 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்று விதி போட்டார்கள்.

இந்த 50 மெகாபைட் என்றால் என்ன? 2004-ஆம் ஆண்டு நம் நாட்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று சொன்னது. அந்த வேகத்தில் 50 மெகாபைட் இறங்க 26 நிமிடம் ஆகும். முழு டிவிடி ஒன்று, அதாவது 4.7 ஜிகாபைட், இறங்க சுமார் 41 மணி நேரம் ஆகும். காபி போட்டுக் குடித்து முடிப்பதற்குள் ஒன்று, இரண்டு ராத்திரி கழிந்தும் வராதது இன்னொன்று. சின்ன கேமுக்குக் கம்பி திறந்த வழி இதுதான்.

அந்தக் கடையில் முதல் வெற்றி ஜியோமெட்ரி வார்ஸ். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு கார் பந்தய கேமைச் செய்துகொண்டிருந்த நிறுவனம், அதில் வரும் கார் கொட்டகைக்குள் வேடிக்கைக்காக ஒளித்து வைத்திருந்த குட்டி கேம் அது. தனியே எடுத்து மெருகேற்றி 5 டாலருக்கு விற்றார்கள். வங்கிக்காரனுக்கு வேடிக்கையான செய்தி ஒன்று: அந்தக் கடையில் டாலர் செல்லாது, 'பாயின்ட்' வாங்க வேண்டும். 80 பாயின்ட் ஒரு டாலர். 5 டாலர் கேமின் விலை 400 பாயின்ட். செலவு கண்ணுக்குத் தெரியாமலிருக்க நல்ல வழி! 2013-இல்தான் அதைக் கைவிட்டுச் சாதாரணப் பணத்துக்கு வந்தார்கள்.

சோனியும் நின்டெண்டோவும் 2006 நவம்பரில் தத்தம் கருவிகளோடு கடை திறந்தன. நின்டெண்டோவின் வீ கருவியில் 2008-இல் வந்த புதிய கேம்களுக்கு வரம்பு 40 மெகாபைட்தான். அந்த 40-க்குள் இரண்டே பேர் முக்கியப் பங்காற்றிச் செய்த வேர்ல்ட் ஆஃப் கூ உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜொனாதன் ப்ளோ என்பவரின் பிரெய்ட், காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் ஒரே யோசனையை வைத்துக்கொண்டு எல்லோரையும் வியக்க வைத்தது. 2012-இல் வந்த ஜர்னி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ கேம் இசைத்தொகுப்பு அதனுடையதுதான்.

ஏன் பிடிக்கிறது?

இதில் என்ன கவர்ச்சி என்று பேரனிடமே கேட்டேன். "தாத்தா, இது முடியும்" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பெரிய கேம்கள் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டு உழைத்துச் செய்பவை. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமே என்று ஏற்கெனவே ஓடிய வழியிலேயே ஓடும். கைபேசியில் இலவசம் என்று வரும் கேம்கள் பலவும் முடியவே முடியாது. முடிந்தால் அவர்களுக்கு வருமானம் ஏது? இந்தக் குட்டி கேம்கள் அப்படியல்ல. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. ஒரு மாலையில் தொடங்கி, ஒரு கதையைச் சொல்லி, "போய்ச் சாப்பிடு" என்று அனுப்பி வைக்கும். செலவு குறைவு என்பதால் செய்கிறவரும் துணிந்து புதிதாக ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம்.

வரம்பு இருப்பது கலைக்குப் பகையல்ல என்று காரைக்காலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாங்கனித் திருவிழா எடுத்து நாம் கொண்டாடும் காரைக்கால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. நான்கடி வெண்பாவில் மொத்தம் 15 சீர்தான். கடைசி அடியில் ஒரு சீர் குறைத்துத்தான் முடிக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள்தான் அம்மையார் அவ்வளவையும் சொன்னார்.

அடுப்பங்கரைக்கு வந்த கேம்

இந்த வழியில் இந்தியர்களும் வந்து சேர்ந்தார்கள். புனேயில் ஒரு சிறு குழு செய்த ராஜி 2020 ஆகஸ்டில் ஸ்விட்ச் கருவியில் வெளியானது. தம்பியை மீட்க அசுரர்களோடு போராடும் ஒரு பெண்ணின் கதை அது. பொதுமக்களிடம் நிதி திரட்ட 2017-இல் எடுத்த முயற்சி தோற்றும் அவர்கள் கைவிடவில்லை.

பிறகு 2023 ஜூலை 31 அன்று வந்தது 'வெண்பா'. கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. அதை வடிவமைத்த அபி, தமிழ்நாட்டிலிருந்து சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். கதை 1980-களில் தொடங்குகிறது. வெண்பாவும் பாவலனும் கனடாவுக்குப் பிழைக்கப் போன தம்பதி. அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை யோசித்துக் கண்டுபிடித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் ஆட்டம். மகனோ வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். முடிவை நான் சொல்ல மாட்டேன். மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியானபோது விலை 15 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் தனிப்பட்ட படைப்பாளர்களுக்கான கேம் விழாவில் அதற்குப் பெரும் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக கேம் என்று விருது கொடுத்தது. பெட்டியில் அடைத்து உலகமெங்கும் கப்பலேற்றித்தான் விற்க வேண்டும் என்றிருந்தால், ஒரு தமிழ் அம்மாவின் அடுப்பங்கரைக் கதைக்கு யார் முதல் போட்டிருப்பார்கள்? 1983-இல் தோற்ற அந்தத் தொலைபேசிக் கம்பிதான் நாற்பது ஆண்டு கழித்து இட்லிப் பானையைக் கொண்டு வந்து நம் ஹாலில் இறக்கியிருக்கிறது.

கடை மூடினால்?

இனி வங்கிக்காரன் பேசுகிறேன். வரவுப் பக்கத்தைச் சொன்னேன், பற்றுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வந்த வழியே போகவும் போகலாம். வீ கருவியின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதுவும் வாங்க முடியாது. எல்லாவற்றையும் தொடங்கி வைத்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையும் 2024 ஜூலை 29 அன்று மூடியது. சோனி 2021 மார்ச்சில் தன் பழைய கடைகளை மூடுவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கூக்குரலிட்டதும் அடுத்த மாதமே பிளேஸ்டேஷன் 3, விடா கடைகளை மட்டும் விட்டுவைத்தது.

கடை திறந்திருக்கும்போதே சரக்கு மறைவதும் உண்டு. டொரண்டோவில் நடக்கும் இன்னொரு கதையான ஸ்காட் பில்கிரிம் கேம் 2010-இல் வந்தது. 2014 டிசம்பரில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. நடுவில் ஆறு ஆண்டுகள் யாரும் அதைப் புதிதாக வாங்க முடியவில்லை. வீடியோ கேம் வரலாற்றைப் பாதுகாக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் கணக்கு.

காசு கொடுத்து வாங்கியதுதானே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நாம் வாங்குவது கேமை அல்ல, அதை ஆடும் உரிமத்தைத்தான். லாக்கர் சாவியைக் கையில் கொடுத்தாலும் கட்டடம் வங்கியுடையது என்பது போல. இதைப் புரியும்படி எழுதிக் காட்டாமல் "வாங்குங்கள்" என்ற பொத்தானை வைக்கக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது பரணிலிருந்து இறக்கிய என் கேசட்டுக்கு வருகிறேன். நகல் சரக்குதான், பொய்க் கணக்குதான். ஆனாலும் அது என் கையில் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் என்னால் ஓட்ட முடிகிறது.

அம்மையாரின் 101 வெண்பாக்கள் நம் கைக்கு எப்படி வந்தன? ஓலை நிரந்தரமல்ல. கரையான் தின்னும், ஈரம் தின்னும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுத்தார்கள். பதினோராம் திருமுறையில் சேர்த்து வைத்தார்கள். இந்த 'வெண்பா'வையோ நீங்களோ நானோ படி எடுக்க முடியாது, அனுமதியும் இல்லை. செய்தவர் பிழைக்க வேண்டும், அது நியாயம்தான். ஆனால் நூலகம் போன்ற ஒரு பொது இடத்தில் ஒரு படியாவது இருக்க வேண்டாமா? நம் மொழியின் கதைகள் இனி இந்த வடிவத்திலும் வரும் என்றால், இது நம் கவலையும்தான்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் சில வார்த்தை. பிள்ளை கேம் கேட்டால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எத்தனை மணி நேரத்தில் முடியும்? ஒருமுறை பணம் கட்டினால் போதுமா?" இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் பயப்பட வேண்டாம். கருவியில் உங்கள் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கும், வாங்குவதற்கு உங்கள் கடவுச்சொல்லும் இருக்கட்டும். மிகவும் பிடித்த கேம் அட்டையாகவோ தட்டாகவோ கிடைத்தால் அதையே வாங்கி வையுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் தடை செய்வது பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆட்டங்களை. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "பாட்டி, உங்க சமையல் நோட்டு எங்கே?"

அவளிடம் நோட்டே கிடையாது. எல்லாம் கை அளவு, கண் அளவு. எனக்குச் சுருக்கென்றது. கேமில் வரும் அம்மாவிடம் கிழிந்த நோட்டாவது இருந்தது. அன்று ராத்திரியே மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன், அவன் பக்கத்தில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டான். 'இட்லி' என்ற தலைப்பை மட்டும் தமிழிலேயே எழுதுவேன் என்று அடம்பிடித்து, என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினான். எழுத்து கோணல்தான், ஆனால் படிக்க முடிந்தது. ஒரு படி அவன் பெட்டியில் போயிற்று, ஒரு படி இங்கே இருக்கிறது.

உங்கள் வீட்டில் அம்மா, மாமியார் எழுதிய சமையல் நோட்டு இருந்தால், அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். நோட்டு இல்லாதவர்கள் அந்த அம்மாவையே அழைத்து வாருங்கள், எழுதிக்கொடுக்க நான் இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி எடுப்போம். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.